மூன்றாவது காட்டுக்கு அரை ஓட்டு

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறைப்படக் கூடாது. என் பேர் முத்தாள், பொன்னமராவதியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கடையில் அண்டா உருண்டாலும் வீட்டில் முத்தாள் வாயைத் திறந்தாலும் ஒரே சத்தம்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசிக்கொள்ளட்டும், எனக்கென்ன. ஆனால் என்னையே வாயடைத்து உட்கார வைத்தவள் ஒருத்தி உண்டு. என் கடைசிக் கொழுந்தன் மனைவி ஹேமா.

கொழுந்தன் முருகப்பன் இப்போது இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை, மூன்று வருஷமாகிறது. பிள்ளைகளும் இல்லை. ஹேமா புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்கு யானையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். ஆனால் கோயில் வாசலில் சங்கிலியோடு நிற்கிற யானையைத் தவிர வேறு யானையை அவள் பார்த்ததே கிடையாது.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் பொதுவீடு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைப்பு வைக்க அங்கே கூடுவோம். இந்த வருஷம் படைப்பு முடிந்து, இலை எடுத்து, எல்லாரும் அரைத் தூக்கத்தில் கிடந்தபோது நடுக்கொழுந்தன் அழகுதான் பேச்சை ஆரம்பித்தான். மதுரையில் இருக்கிறவன், புதிதாக ஏழு பேர் உட்காரும் கார் வாங்கியிருந்தான்.

"வண்டிய வாங்கி ஷெட்டுல வச்சுப் பாக்கவா? வைகாசி லீவுக்கு எங்கிட்டாச்சும் கெளம்புவோம்."

எங்கள் வீட்டுக்காரர் லக்ஷ்மணன் தலையைத் தூக்காமலே "காசி" என்றார். அழகு மனைவி உமையாள் "குருவாயூர்" என்றாள், அதையும் முழுதாகச் சொல்லவில்லை, 'யூர்' என்பது வாய்க்குள்ளேயே போய்விட்டது. அவள் எப்போதுமே அப்படித்தான்.

"காட்டுக்குப் போவோம்," என்றாள் ஹேமா.

எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

"முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே. மூணும் ஒட்டினாப்புல இருக்கற காடு. வைகாசியில கபினி அணையில தண்ணி வத்தும். யானைக எல்லாம் கூட்டங்கூட்டமா கரைக்கு வரும். அத ஒரு தடவ பாத்துறணும் எனக்கு."

மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அதுதான். எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். வாடகை டிரைவர், அவருக்குப் பேட்டா, காட்டுக்குள் ரிசார்ட், தனி ஜீப் என்று தட்டித் தட்டி, ஒன்றேகால் லட்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்தக் காசுக்கு ஒரு யானைய வாடகைக்குப் புடிச்சு வாசல்ல கட்டிறலாம்," என்றார்.

அழகு விழுந்து விழுந்து சிரித்தான். ஹேமாவும் சிரித்தாள். "ஒரு வாரம் டைம் குடுங்க பெரியத்தான், நான் போட்டுப் பாக்குறேன்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதியில் எங்கள் வீட்டுக்கே எல்லாரும் வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்த பட்ஜெட்டைச் சொன்ன விதத்தை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் செலவிலிருந்து ஆரம்பித்தார். அவளோ எதைப் பார்க்கப் போகிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தாள்.

"யானை ரிசார்ட்லயா தங்குது? அது இருக்கற எடத்துக்கு வனத்துறை பஸ்ஸு போகுது. அதுல போவோம். ஜீப்புல போறவுகளுக்கும் அதே யானைதான், பஸ்ஸுல போறவுகளுக்கும் அதே யானைதான். ராத்திரி தூங்கப் பக்கத்து ஊர்ல சுத்தமான லாட்ஜு போதும்."

டிரைவர் வேண்டாம், சின்னத்தான் அழகும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவோம் என்றாள். முருகப்பன் போனபிறகுதான் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நீலகிரிக்கு இ-பாஸ் முன்கூட்டியே எடுத்தாயிற்று. டீசல் கர்நாடகாவில் விலை குறைவு, அதனால் மலையேறுகிற அளவுக்கு மட்டும் இங்கே போட்டுக்கொண்டு, எல்லை தாண்டிக் குண்டலுப்பேட்டையில் டேங்க்கை நிரப்புவது. காலைச் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு, மத்தியானம் கடை. பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் விடமாட்டார்கள், நம் கடை எவர்சில்வர் தூக்கு இருக்கவே இருக்கிறது.

அத்தோடு விட்டாளா? ஆளாளுக்கு ஒரு செலவு ஒதுக்கியிருந்தாள். மணிக்கொரு டீ குடிக்காவிட்டால் தலைவலி வந்துவிடும் எங்கள் வீட்டுக்காரருக்கு டீச்செலவு. வழியில் தென்படும் கோயில் உண்டியலையெல்லாம் நிரப்பிக்கொண்டு வரும் உமையாளுக்கு உண்டியல் செலவு. அழகுக்கு வண்டியைக் கழுவுகிற செலவு, தூசி பட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு?" என்றேன்.

"ஒங்களுக்குக் கோவச் செலவு ஆச்சி. ஓட்டல்ல சாம்பார் சரியில்லன்னு நீங்க பாதியில எந்திரிச்சிருவீங்க. வேற ஓட்டல்ல மறுபடி வாங்கணும்ல?"

அடிப்பாவி! அக்கா முறை என்று ஆச்சி போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே சொல்கிறாள். கோபிப்பதா சிரிப்பதா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் கோபித்தாலும் அதற்கும் அவள் பட்ஜெட்டில் இடம் வைத்திருக்கிறாள், என்ன செய்ய? மொத்தம் எழுபதாயிரத்துக்குள் வந்தது. மலைரோட்டில் வண்டிக்கு ஏதாவது என்றால் எடுக்கக் கொஞ்சம் தனியாகவும் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்கு உள்ளூர மலைப்புத்தான். ஆனால் ஒன்றேகால் லட்சம் சொன்ன வாய் எப்படிச் சட்டென்று இறங்கும்? மோவாயைத் தடவினார்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஆனா மூணு காடு எதுக்கு? எல்லாக் காட்லயும் அதே மரந்தான. நாகரஹொளேய விட்டுருவோம். ரெண்டு நாளு மிச்சம். வாரப்ப கோயம்புத்தூர்ல நம்ம மாணிக்கம் வீட்ல தங்கி, விருந்து சாப்பிட்டு வந்துறலாம்."

"அதுவும் சரிதான்," என்றான் அழகு.

ஹேமா முகம் செத்துப்போயிற்று. கபினி இருப்பது நாகரஹொளேயில். மூன்றாவது காடு போனால் அவள் கேட்ட ஒன்றே ஒன்றும் போயிற்று. மாணிக்கம் வீட்டு விருந்தாம், விருந்து!

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களில் கல்யாணமான ஒரு ஜோடியைச் சேர்த்து ஒரு புள்ளி என்போம். கோயில் வரியானாலும், படைப்புச் செலவானாலும், பொதுவீட்டுக்கு வெள்ளையடிப்பதானாலும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் பிரிப்போம். ஜோடியில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி, அவருக்குப் பாதிப் பணம். நொந்த குடும்பத்துக்குப் பாரம் குறையட்டும் என்று நல்ல மனசோடு வைத்ததுதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுப்பதென்றாலும் புள்ளிக்கணக்குத்தான். ஒரு புள்ளிக்கு ஓர் ஓட்டு, அதற்குக் கை தூக்குகிறவர் ஆண்பிள்ளை. முருகப்பன் போனதிலிருந்து ஹேமாவுக்கு அரை ஓட்டு. இரண்டு முழுசுக்கு முன்னால் அரை எங்கே செல்லும் என்று, கடைசியில் அவளைக் கேட்பதையே விட்டுவிட்டோம். போன வருஷம் பொதுவீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது என்ன கலர் என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை, பாதிப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

"சரி, வழக்கம்போலப் புள்ளிக்கணக்குப் பாத்துருவோம்," என்று எங்கள் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "நாகரஹொளே வேணாங்குறது நான் ஒண்ணு, அழகு ஒண்ணு, ஆக ரெண்டு. வேணுங்குறது ஹேமா அரை. முடிஞ்சு போச்சு."

"ஒரு நிமிஷம் பெரியத்தான்," என்றாள் ஹேமா. "நான் எதுக்கு அரை?"

"அது வழக்கம்த்தா. ஒன்னயக் கொறச்சா சொல்றோம்? ரெண்டு பேரு சேந்து ஒரு புள்ளி. ஒரு ஆளு போயிட்டா மிச்சம் பாதி."

"அப்ப ஒரு ஆளுக்குப் பாதி."

"ஆமா."

"நீங்க ஒரு ஆளு. ஒங்களுக்கும் பாதிதான?"

அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்க பாதி, ஆச்சி பாதி," என்றாள் ஹேமா. குரல் உயரவே இல்லை, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அதே குரல். "சின்னத்தான் பாதி, உமையாச்சி பாதி. நான் பாதி. வண்டியிலயும் அஞ்சு ஆளு, செலவுலயும் அஞ்சுல ஒண்ணு நான் தாரேன். ஒங்க கையில இருக்கறது ஒங்க பாதி. ஆச்சியோட பாதிய நீங்க எப்படித் தூக்குனீங்க?"

"புருஷன் பொஞ்சாதின்னா ஒண்ணுதான? இதுல என்ன ஓம் பாதி எம் பாதி?"

"ஒண்ணா இருந்தா அவுக போனன்னிக்கே நானும் போயிருக்கணும்ல பெரியத்தான். நான் இருக்கேனே."

முருகா! அவளை அரை அரை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, நான் மட்டும் என்ன முழுசாகவா இருந்தேன்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பாதி எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு அவர் கையோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது. கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"எறக்குங்க கைய!" என்றேன். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "எம் பாதிய என்னயக் கேக்காமத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது போதும். எம் பாதி நாகரஹொளேக்கு!"

"அண்ணமிண்டிக்கு வேகம் வந்துருச்சு," என்று அழகு சிரிக்கப் பார்த்தான். அண்ணமிண்டி என்றால் மதினி, கேலி செய்கிற உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் நான் முறைத்த முறைப்பில் சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது ஆண்கள் இரண்டு பாதி, நாங்கள் இரண்டு பாதி. மிச்சம் உமையாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் கத்திரிக்காய்கூட வாங்காதவள். நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அழகைப் பார்த்தாள், ஹேமாவைப் பார்த்தாள்.

"அந்தக் கூட்டத்துல குட்டியும் இருக்குமா ஹேமா?"

"இருக்கும் உமையாச்சி. தாய்க்காலுக்குள்ள நடந்து வரும்."

"அப்ப நானும் வாரேன்," என்றாள். அந்த 'வாரேன்' முழுதாகக் கேட்டது.

அழகு வாயைப் பிளந்துவிட்டான். எங்கள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அன்றைக்குக் கடையே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை.

வைகாசியில் கிளம்பினோம். போகிற வழியெல்லாம் ஹேமா சொன்னபடிதான் நடந்தது. நீலகிரி செக்போஸ்டில் எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தூக்குகளைப் பார்த்துவிட்டு, சோதனை போட்ட பையன் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். முதுமலையில் மயில், பந்திப்பூரில் காட்டெருதுகள் கண்டோம். முதுமலையைத் தாண்டும்போது எங்கள் வீட்டுக்காரர் டீசல் முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பதறினார்.

"கூடலூர்லயே போட்டுருக்கணும். நடுக்காட்டுல நின்னா புலி வந்து தள்ளுமா?"

"குண்டலுப்பேட்டைக்குப் போயும் மிச்சம் இருக்கும் பெரியத்தான். டீ குடிங்க," என்று ஃப்ளாஸ்கை நீட்டினாள் ஹேமா. வண்டியை அப்போது அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். சொன்ன மாதிரியே குண்டலுப்பேட்டைப் பெட்ரோல் பங்க்கில் போய் நின்றபோது கால் டேங்க் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் இறங்கி அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். அவர் ஒருத்தரை மெச்சுவது அப்படித்தான்.

கபினிக்குப் போனது மறுநாள் விடியற்காலை. வனத்துறை பஸ் காட்டுக்குள் ஆடி ஆடிப் போய், மரங்கள் விலகி, அணையோரம் வெளியாகத் திறந்த இடத்தில் நின்றது. தண்ணீர் வற்றின கரையில் புல் பச்சென்று முளைத்திருந்தது. அதில் யானைகள். இங்கிட்டு ஒரு கூட்டம், அங்கிட்டு ஒரு கூட்டம், மரத்தடியிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன. ஒன்றின் காலிலும் சங்கிலி இல்லை. எனக்கு என்னவோ அதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றியது. ஒரு குட்டி சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. தாய் தும்பிக்கையால் அதன் பின்புறத்தைத் தள்ளிவிட்டது. "ஐயோ, எந் தங்கம்!" என்று உமையாள் கத்தியேவிட்டாள், வனத்துறை கார்டு திரும்பி வாயில் விரல் வைத்தார்.

நான் ஹேமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போட்டோகூட எடுக்கவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். இவளுக்கா நாங்கள் மாணிக்கம் வீட்டு விருந்தைக் காட்டினோம்! அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது, என் கூடப் பிறந்தவளிடம்கூட அப்படி எனக்கு வந்ததில்லை.

திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் டிக்கெட் கவுண்டர் பக்கம் போய்விட்டு, சின்னப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

"சாயங்காலமும் பஸ்ஸு இருக்காம். சீட்டும் இருக்காம். இன்னொரு தடவ பாத்துருவமா?"

"எல்லாக் காட்லயும் அதே மரந்தானன்னு யாரோ சொன்னாங்க," என்றேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

"பட்ஜெட்டுல இல்ல பெரியத்தான்," என்றாள் ஹேமா. "மிச்சம் இருக்கறது வண்டிக்குன்னு ஒதுக்கினது. எறங்குறப்ப மலை ரோடு. அதத் தொடக்கூடாது."

"அப்படின்னா ஓட்டுப் போடுவோம்."

நிஜமாகத்தான் சொல்கிறேன், அந்த வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வந்தது. கையைத் தூக்கினார், அதுவும் முழுக்க நீட்டாமல் தோள் வரைக்கும்தான் தூக்கினார். "எம் பாதி போவோம்ங்குது. அழகு?"

"எனக்கும் போகணும்."

"ஹேமா, நீ?"

"வேணாம் பெரியத்தான்."

"உமையா?"

"இடுப்புக் கழண்டு போச்சு. வேணாம்," என்றாள் உமையாள், புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இரண்டுக்கு இரண்டு. எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "முத்தாள், நீ என்ன சொல்ற?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். டீ ஆறுகிறது, குடிக்கவில்லை. இதுவரை ஆயிரம் கேட்டிருப்பார், சாவி எங்கே, சோறு ஆச்சா, துண்டு காய்ந்ததா என்று. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். எனக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்கு! அண்டா உருள்கிற சத்தத்தில் பேசுகிற எனக்கு!

ஹேமாவைப் பார்த்தேன். அவளுக்கு எதிராக நான் எப்படிக் கை தூக்குவேன்? இந்தப் பாதியைக் கண்டெடுத்துக் கொடுத்ததே அவள்தானே.

"எம் மொகத்தப் பாக்காதீங்க ஆச்சி," என்றாள். "ஒங்களுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லுங்க."

அந்தக் குட்டி எழுந்து நின்றதா என்று பார்ப்பதற்குள் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

"போகணும்," என்றேன்.

எங்கள் வீட்டுக்காரரும் அழகும் கை தட்டினார்கள். ஹேமா தலையைக் குனிந்துகொண்டாள். நான் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது.

"கோவமாடி?"

"இல்ல ஆச்சி. அன்னிக்கி வாதாடி ஜெயிச்சேன். இன்னிக்கி யாரும் வாதாடல, பெரியத்தான் தானாவே எம் பேரச் சொல்லிக் கூப்புட்டு, என் ஓட்டையும் எண்ணி, அதுக்கப்புறந்தான் என்னத் தோக்கடிச்சிருக்காங்க."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்கு ஐந்து டிக்கெட் வாங்கக் கவுண்டரைப் பார்த்து நடந்தாள்.